தண்ணிக் கூட்டத்திலை நான் சொன்னது

பலெர்மோவிலை எங்கடை சனத்துக்கு ஏதும் கதைக்கவேணும் எண்டால் என்னைத்தான் கூப்பிடுவினம். ஆரும் என்னை நியமிக்கேல்லை. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, ஆஸ்பத்திரியிலை டொக்டர் சொல்லுறதை விளங்கப்படுத்த, பள்ளிக்கூடத்திலை பிள்ளையின்ரை ரீச்சரோடை கதைக்க, எல்லாத்துக்கும் "அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டுதான் சொல்லுவினம். மன்னாரிலை இருந்து வந்து இருபத்தஞ்சு வருசமாய் இஞ்சை இருக்கிறன். என்ரை இத்தாலியன் நல்ல இத்தாலியன். அதிலை எனக்குக் கொஞ்சம் எடுப்பும் இருந்தது. கொஞ்சம் எண்டு சொல்லுறதும் பொய்தான். அந்த எடுப்பாலை ஒரு குடும்பம் இருந்த இடத்தை விட்டு எழும்பவேண்டி வந்தது. அதைத்தான் எழுதப்போறன்.

லிபெர்த்தாப் பக்கம் ஒரு வயதுபோன இத்தாலிக்காரச் சிஞ்ஞோராவின்ரை வீட்டிலை எனக்கு வேலை. காசுள்ள ஆக்கள் இருக்கிற இடம். எங்கடை சனம் அங்கை விடிய வேலைக்குப் போய்ப் பின்னேரம் திரும்பி வரும். நான் இருக்கிறது பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலை, நாலாம் மாடியிலை. சிஞ்ஞோரா கூடாத மனிசி எண்டு சொல்லமாட்டன். ஆக்களுக்கு முன்னாலை என்னைத் தன்ரை மகள் எண்டு சொல்லுவா, ஆனால் எனக்கெண்டு ஒரு கோப்பை வேறையாய் வைச்சிருக்கிறா. ரெண்டையும் நான் பழகிப்போட்டன்.

அந்த வருசம் மழை பொய்ச்சுப்போச்சு. மலைப்பக்கத்து அணைகள் எல்லாம் அடி தெரிய வத்தினதை ரீவியிலை நாளும் பொழுதும் காட்டினவை. பிறகு நகரத்துக்குத் தண்ணியை முறை வைச்சு விடத் தொடங்கிச்சினம். லிபெர்த்தாவிலை நான் வேலை செய்யிற தெருவுக்கு ஒருநாள் வரும், அடுத்த நாள் வராது. வாற நாளிலையும் விடிய அஞ்சு மணியிலை இருந்து ஒரு ரெண்டரை மணித்தியாலம்தான். அதுக்குள்ளை தாங்கியை நிரப்பினால் உண்டு, இல்லாட்டி முகம் கழுவவும் போத்தில் தண்ணிதான்.

சிஞ்ஞோராவின்ரை மகன் ஒரு குழாய் வேலைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து, கட்டடத்துக்குக் கீழை இருக்கிற நிலவறையிலை ஒரு மோட்டர் பூட்டுவிச்சார். றோட்டுக் குழாயிலை நேரை பூட்டினது. பொத்தானை அமத்தினால் காணும், ஒரு மணித்தியாலத்துக்குள்ளை தாங்கி நிரம்பி வழியும். அண்டையிலை இருந்து தண்ணி வாற நாளெல்லாம் என்ரை முதல் வேலை கோப்பி வைக்கிறதில்லை. ஆறரைக்குப் போய் இறங்கி, கைப்பையையும் கழட்டாமல் நிலவறைக்குப் போய் மோட்டரைப் போடுறதுதான் முதல் வேலை.

அது கூடாது எண்டு எனக்குத் தெரியாதோ? வடிவாய்த் தெரியும். தெருவெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தவை, றோட்டுக் குழாயிலை நேரை மோட்டர் பூட்டக்கூடாது, அது அயல்வீட்டுத் தண்ணியை இழுத்துப்போடும், குற்றம் எண்டு. அதை நான்தான் ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை தமிழ்ப்பூசை முடிய மைக்கிலை நிண்டு வாசிச்சு விளங்கப்படுத்தினனான். "எங்கடை ஆக்கள் ஆரும் உப்பிடிச் செய்து எங்கடை பேரைக் கெடுக்காதேங்கோ" எண்டு கையை நீட்டிச் சொன்னனான். அடுத்த நாள் திங்கக்கிழமை, தண்ணி வாற நாள். போய் மோட்டரைப் போட்டன். வீடு என்ரையில்லை, மோட்டர் என்ரையில்லை, விரல் மட்டும்தானே என்ரை எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு படி ஏறினன்.

பக்கத்துக் கட்டடத்து வாசல் காவலுக்கு இருந்தவர் எங்கடை தம்பி ஒருத்தர். வன்னிக்காரர், சண்டை முடிஞ்சாப் பிறகு வந்தவர், என்னிலும் பதினைஞ்சு வயது குறைய. மனிசியும் ரெண்டு சின்னப் பெட்டையளும். முதல் நகரத்துக்கு வெளியிலை சியாகுல்லியிலை மந்தரினோத் தோடம்பழத் தோட்டத்திலை பழம் ஆஞ்சு திரிஞ்சவர், தோட்டத்துக் கொட்டிலிலை படுத்தவர். இந்தக் காவல் வேலையோடை வாசல் பக்கத்திலை ரெண்டு சின்ன அறையும் குடுத்தவை. அதாலை வேலை போனால் இருக்கிற இடமும் போகும். கட்டடத்தைக் கூட்டிக் கழுவுறது, கடிதம் எடுத்து வைக்கிறது, முறை வைச்ச காலத்திலை விடிய எழும்பி வால்வைத் திறந்து தாங்கியை நிரப்பிறது எல்லாம் அவரின்ரை பொறுப்பு.

அந்தக் கட்டடத்துத் தாங்கி நிரம்பேல்லை. ஒவ்வொரு முறையும் கால்வாசிதான். மேல்மாடி ஆக்கள் பாதிக் குளிப்பிலை சவர்க்காரத்தோடை நிண்டு கத்துவினம். காவல்காரன் நித்திரை, நேரத்துக்கு வால்வைத் திறக்கிறானில்லை எண்டு கதை கிளம்பினது. பிறகு அவரை வைச்சிருக்கிறதோ நிப்பாட்டுறதோ எண்டு முடிவெடுக்கக் கட்டடத்து ஆக்கள் கூடப்போகினம் எண்டும் கேள்விப்பட்டன்.

ஒருநாள் பல்லரோவிலை மீன் கடையடியிலை தம்பி என்னைக் கண்டிட்டு வந்தார். சுத்திவர எங்கடை சனம் நாலைஞ்சு பேர் மீன் வெட்டக் குடுத்திட்டு நிக்குதுகள்.

"அக்கா, என்னை அறையை விட்டு எழுப்பப்போகினம் போலை கிடக்கு."

"உமக்கு என்ன விசரோ, சும்மா ஆரையும் எழுப்பேலாது" எண்டன்.

"வாற வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்திலை தண்ணியைப் பற்றிப் பொதுக்கூட்டமாம். எங்கடை கட்டடத்து ஆக்களும் வருகினம். என்னையும் வரச்சொன்னவை. எனக்குக் கதைக்க வராது. நீங்கள் வந்து நான் சொல்லுறதை இத்தாலியனிலை சொல்லுவீங்களோ?"

அவையின்ரை தாங்கி ஏன் நிரம்பேல்லை எண்டு எனக்குத் தெரியும். இல்லை எண்டு எழுதமாட்டன். ஆனால் மீன்காரனும் சனமும் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்குதுகள். "ஏன் பயப்பிடுறீர், நான் வாறன், விளாசித்தள்ளுறன்" எண்டன். என்ன சொல்லப்போறீர் எண்டு கேட்டன். "அங்கை வைச்சுச் சொல்லுறன் அக்கா" எண்டார். நானும் வற்புறுத்திக் கேக்கேல்லை. கேட்டால் சொல்லிப்போடுவார் எண்டு உள்ளுக்குள்ளை ஒரு பயம்.

வியாழக்கிழமை மண்டபம் நிறையச் சனம். இருக்க இடமில்லாமல் சுவரோடை நிண்டவை. முன்மேசையிலை தண்ணிப் பகுதி எஞ்சினியர் ஒருத்தர், பல்கலைக்கழகத்திலை படிப்பிக்கிற ஒரு பேராசிரியர், நடுவிலை கூட்டத்தை நடத்துற மாநகரசபை மெம்பர் பொம்பிளை. நானும் தம்பியும் நாலாவது வரிசையிலை இருந்தம். ரெண்டாவது வரிசையிலை கழுத்துத் துண்டு சுத்தின ஒரு நரைச்ச தலை. அது என்ரை சிஞ்ஞோரா. பக்கத்திலை மகன். அவை வருவினம் எண்டு எனக்குத் தெரியாது.

முதல் ஒரு மணித்தியாலம் பெரிய கதையள். அணையை ஏன் தூர் வாரேல்லை, குழாய் உடைஞ்சு தண்ணி தெருவிலை ஓடுதே, கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கிறது எப்ப. பிறகு பின்வரிசைப் பெடியன் ஒருத்தன் எழும்பி, தீவுக்கு நடுவிலை மலைப்பக்கம் பாறைக்குள்ளை தண்ணியை அமத்தி அடிச்சு, பாறையை வெடிக்கப்பண்ணி வாயு எடுக்க ஆரோ யோசிக்கினமாம், மெய்யோ எண்டு கேட்டான். அப்பிடி ஒரு அனுமதியும் ஆருக்கும் குடுக்கேல்லை எண்டு எஞ்சினியர் சொன்னார். இண்டைக்கு இல்லை எண்டாலும் நாளைக்கு ஒருத்தர் வந்து கேப்பார், அதுக்கு முதல் நாங்கள் வேணுமோ வேண்டாமோ எண்டு கதைச்சு வைக்கவேணும் எண்டு பேராசிரியர் சொன்னார். அதோடை சண்டை பிடிச்சுக்கொண்டுது. வேலை கிடைக்கும் எண்டு கொஞ்சப்பேர், தண்ணி போகும் எண்டு கனபேர். சியாகுல்லித் தோட்டக்காரர் ஒருத்தர் முன்னுக்குப் போய்ப் பையிலை இருந்து அஞ்சாறு காயை மேசையிலை கொட்டினார். தேசிக்காய் அளவுதான். "இது மந்தரினோ. இந்த மரத்துக்கு ஊத்த ஒரு வாளி தண்ணியில்லை, பாறைக்கு ஊத்தத் தண்ணி எங்கையிருந்து வரும்?" எண்டு கேட்டிட்டு, பதிலுக்கும் நிக்காமல் போய் இருந்திட்டார்.

நான் எல்லாத்தையும் தம்பியின்ரை காதுக்குள்ளை தமிழிலை சொல்லிக்கொண்டிருந்தன். அவர் வலு கவனமாய்க் கேட்டார். "அக்கா, அப்பிடிப் பாறைக்குள்ளை அடிக்கிற தண்ணி திரும்பி வருமோ எண்டு கேளுங்கோ" எண்டார். நான் கையை உயத்திக் கேட்டன். பேராசிரியர், நல்ல கேள்வி, கொஞ்சம் வரும், ஆனால் மருந்து கலந்து உப்புப் பிடிச்சு வரும், அதைக் குடிக்கேலாது, தோட்டத்துக்கும் விடேலாது எண்டு விளங்கப்படுத்தினார். மண்டபமே திரும்பி என்னைப் பாத்தது. மெம்பர் பொம்பிளை, "எவ்வளவு அழகான இத்தாலியன், எங்களிலை கனபேர் இப்பிடிக் கதைக்கிறேல்லை" எண்டா. சிஞ்ஞோராவும் திரும்பிப் பாத்துச் சிரிச்சா, பக்கத்திலை இருந்தவவுக்கு என்னைக் காட்டி ஏதோ சொன்னா. சந்தோசப் புளுகத்திலை எனக்குக் கதிரையிலை இருக்கேலாமல் கிடந்தது. அந்தக் கேள்வி என்ரையில்லை, தம்பியின்ரை எண்டு சொல்லக்கூட எனக்கு வாய் வரேல்லை.

அதுக்குப் பிறகுதான் தம்பியின்ரை கட்டடத்து மூண்டாம் மாடியிலை இருக்கிற அப்புக்காத்து, வழக்கறிஞர் ஒருத்தர், எழும்பினார். பாறையும் வாயுவும் ஒருபக்கம் கிடக்கட்டும், எங்கடை தாங்கி மட்டும் ஏன் நிரம்புதில்லை, எங்கடை காவல்காரன் நித்திரை கொள்ளுறான், அதுதான் விசயம் எண்டார். கொஞ்சப்பேர் சிரிச்சவை. அந்தாள் இஞ்சை இருந்தால் அவரும் சொல்லட்டும் எண்டு மெம்பர் சொன்னா. தம்பி எழும்பினார், நானும் எழும்பினன். மைக்கைக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்தவை.

தம்பி சத்தம் போடேல்லை, அவசரப்படவும் இல்லை. என்னைப் பாத்துத் தமிழிலை சொன்னார்.

"அக்கா, நான் அஞ்சு மணிக்கு வால்வைத் திறக்கிறனான். ஒருநாளும் பிந்தேல்லை. ஆறரை மட்டும் தண்ணி நூல் மாதிரி எண்டாலும் வருது. ஆறரைக்குப் பிறகு பக்கத்துக் கட்டடத்து நிலவறையிலை ஒரு மோட்டர் சத்தம் கேக்கும். அதோடை எங்கடை குழாய் நிண்டுபோகும். குழாய் வாயிலை உள்ளங்கையை வைச்சுப் பாத்தன், கையை உள்ளுக்கு இழுக்குது. நான் ஒருத்தரின்ரை பேரையும் சொல்லேல்லை. எங்கடை தெருவிலை இருக்கிற நிலவறையளை ஆரும் ஒருக்கா வந்து பாக்கட்டும். அவ்வளவுதான், சொல்லுங்கோ."

இதிலை கஷ்டமான சொல் ஒண்டும் இல்லை. எல்லாம் நான் நாளாந்தம் கதைக்கிற சொல்லுகள். மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனன். சிஞ்ஞோரா திரும்பி என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறா, இன்னும் அந்தச் சிரிப்போடை. மண்டபம் முழுக்க என்ரை இத்தாலியனைக் கேக்கக் காத்துக்கொண்டிருக்கு.

"அவர் மன்னிப்புக் கேக்கிறார்" எண்டன். "வேலை அலுப்பிலை ஒண்டுரண்டு நாள் பிந்தித் திறந்திருப்பார். இனிமேல் கவனமாய் இருப்பன் எண்டு சொல்லுறார். ரெண்டு சின்னப் பிள்ளையள் இருக்கு, தயவு காட்டுங்கோ எண்டு கேக்கிறார்."

சனம் கை தட்டினது. மெய்யாய், கை தட்டினது. மெம்பர் பொம்பிளை கண் கலங்கின மாதிரி நிண்டா. அப்புக்காத்தும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்திட்டார். தம்பி என்னைத் திரும்பிப் பாத்தார். பிறகு சனத்தைப் பாத்து "கிராத்ஸியே" எண்டு நன்றி சொல்லிப்போட்டு இருந்தார். நானும் இருந்தன். நல்லாத்தான் சமாளிச்சுப்போட்டன் எண்டுகூட நினைச்சன்.

பிறகு கனநாள் எனக்கு நானே காரணம் சொல்லிப் பாத்தன். அந்த மாதம் என்ரை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்துக் கிடந்தது, சிஞ்ஞோரா வேலைக் கடிதம் தராட்டி அது நிண்டுபோகும், அதுக்குப் பயந்துதான் அப்பிடிச் சொன்னனான் எண்டு. பாவசங்கீர்த்தனம் கேட்ட பாதர் சுவாமிக்கும் அப்பிடித்தான் சொன்னன். சுவாமியையும் பேய்க்காட்டினன். அந்த நேரத்திலை பெர்மெஸ்ஸோ என்ரை ஞாபகத்திலையே இல்லை. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டிருந்த அந்த முகம் மாறிப்போகும், இவ்வளவு சனத்துக்கு முன்னாலை மோட்டர்க்காரி எண்டு ஆகிப்போவன், இதுதான் மனசிலை இருந்தது. வயித்துப்பாட்டுக்காகச் செய்தன் எண்டு சொன்னால் கேக்கிற ஆக்கள் பாவம் எண்டுவினம். நான் மானத்துக்காகச் செய்தனான்.

சனிக்கிழமை தண்ணி வாற நாள். ஆறரைக்குப் போனன். தம்பி தன்ரை கட்டடத்துக்கு முன்னாலை நடைபாதையைக் கூட்டிக்கொண்டு நிண்டார். "வாங்கோ அக்கா" எண்டார், எப்பவும் மாதிரி. நான் உள்ளை போய் மோட்டரைப் போட்டன்.

பத்து நாளாலை அவரின்ரை கட்டடத்து ஆக்கள் கூடினவை. அவரை நிப்பாட்டினவை. கோயில் முற்றத்திலை ஒரு தங்கச்சிதான் எனக்குச் சொன்னது. அப்புக்காத்து வலு சுருக்கமாய் முடிச்சாராம்: நாங்கள் குற்றம் சாட்டேல்லை, அவரே பொதுக்கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை ஒப்புக்கொண்டவர் எண்டு. மாதம் முடிய அறையை விடவேணுமாம். அந்தத் தங்கச்சி சொல்லுறா, "நீங்களும் உங்களாலை ஏலுமானதைச் செய்தனீங்கள்தானே அக்கா, அண்டைக்கு நீங்கள் கதைச்சதை எல்லாரும் சொல்லிச்சினம்." நான் ஓம் எண்டன்.

தம்பியாக்கள் போறதுக்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை. மீன் குழம்பு வைச்சு, சோறும் கட்டிக்கொண்டு போனன். சொல்லிப்போடுறது எண்ட முடிவோடைதான் போனனான். பஸ்ஸிலை இருந்து வசனம் எல்லாம் அடுக்கினன், தம்பி நான் ஒரு பிழை விட்டிட்டன் எண்டு தொடங்கிறதோ, மன்னிச்சுக்கொள்ளும் எண்டு தொடங்கிறதோ எண்டு. வாசலிலை மனிசிதான் கதவைத் திறந்தா. சட்டியை வாங்கிக்கொண்டு, "நீங்கள் அண்டைக்கு வராட்டி இன்னும் மோசமாய் நடந்திருக்கும் அக்கா, இவர் உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறவர்" எண்டிட்டு உள்ளறைக்குப் போனா. பெட்டையள் அங்கை பேப்பரிலை கோப்பையள் சுத்திக்கொண்டிருந்ததுகள், தங்களுக்குள்ளை இத்தாலியனிலை கதைச்சுக்கொண்டு. திரும்பவும் சியாகுல்லிக்கு, தோட்டத்து வீடு ஒண்டுக்குத்தான் போகினமாம்.

தம்பி முன்னறையிலை நிலத்திலை இருந்து ஒரு வயரைச் சுத்திக்கொண்டிருந்தார். நான் கதிரை நுனியிலை இருந்தன். அவர்தான் முதல் கதைச்சார், தலை நிமிராமல்.

"அக்கா, மன்னிப்புக் கேக்கிற சொல்லு எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்? இஞ்சை வந்து நான் முதல் படிச்சது அந்தச் சொல்லுத்தான்."

அவர் வயரைச் சுத்திறதை நிப்பாட்டேல்லை.

"நீங்கள் பஸ்ஸாலை இறங்கி உள்ளை போய் அஞ்சு நிமிசத்திலை அந்த மோட்டர் சத்தம் கேக்கும். நான் வாசல் கூட்டிற ஆள், எனக்குத் தெரியாதோ? வன்னியிலை எங்கடை பக்கம் வயல் வாய்க்கால் கூட்டத்திலை ஒருத்தன் முறை மாறித் தண்ணி மறிச்சால், சபையிலை சொல்ல முதல் அவனுக்குச் சொல்லுவினம். எனக்கு உங்களுக்கு நேரை சொல்ல வாய் வரேல்லை. அதுதான் உங்களையே கூட்டிக்கொண்டு போனன். நான் சொல்லேக்கை நீங்கள் முதல் கேப்பீங்கள். பிறகு உங்கடை வாயாலையே சொன்னால் உங்களுக்கும் மரியாதை எண்டு நினைச்சன். கதைக்க வேறை ஆக்கள் இல்லையெண்டு உங்களைக் கேக்கேல்லை."

"அப்ப ஏன் தம்பி அங்கையே சொல்லேல்லை, பிழையாய்ச் சொல்லுறா எண்டு?" எப்பிடித்தான் அதைக் கேட்டனோ தெரியாது. அவர்தான் குற்றவாளி மாதிரிக் கேட்டன்.

"சபையிலை உங்களைப் பொய்க்காரி ஆக்கிறதோ? உங்களை நம்பித்தானே எங்கடை சனம் குவெஸ்தூராவுக்குப் போகுது. நாளைக்கு அதுகளுக்கு ஆர் கதைக்கிறது?" வயரைச் சுத்தி முடிச்சுப் பெட்டிக்குள்ளை வைச்சார். "ஆனால் எனக்காக இனிக் கதைக்க வராதேங்கோ அக்கா."

உள்ளுக்கை மனிசி சட்டியைக் கழுவித் தரவோ எண்டு கேட்டா. இவர் வேண்டாம், அப்பிடியே குடும் எண்டு சொன்னார்.

அந்த நேரம் நான் சொல்லக்கூடியது எவ்வளவோ இருந்தது. இப்பவே வாரும், அப்புக்காத்தின்ரை கதவைத் தட்டிச் சொல்லுவம் எண்டு சொல்லியிருக்கலாம். அவர் மூண்டாம் மாடியிலைதான் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலைதான் இருந்திருப்பார். ஒண்டும் வேண்டாம், அழுதிருக்கலாம். நான் உள்ளறைப் பக்கம் ஒருக்காப் பாத்திட்டு, குரலைத் தணிச்சு, "உம்மடை மனிசிக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டன்.

அப்பத்தான் அவர் முதல்தரம் தலையை நிமித்தி என்னைப் பாத்தார்.

"இல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" எண்டார்.

எனக்கு ஆறுதலாய் இருந்தது.